ஜெபக் கடிதத்தில் எழுத முடியாதவை

புதுநாற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 23. மிஷனரியாக வெளிநாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இது பொதுவெளி என்பதால் நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் என் கேள்வி மாறப்போவதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் அனுப்பி ஜெபித்து என்னைத் தாங்குகிறவர்களுக்கு, இங்கே நடப்பதைச் சொல்லும் ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும். அடுத்ததற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போன கடிதத்தில் 'பிள்ளைகள் நடுவே ஊழியம் நடக்கிறது, அநேகர் வாஞ்சையோடு கேட்கிறார்கள்' என்று எழுதினேன். அந்த அநேகர் மூன்று பேர். ஒருத்தி வண்ணப் பென்சிலுக்காக வருகிறாள். இன்னொருவன் அவளுடைய தம்பி. அவனை வீட்டில் தனியே விட முடியாது என்பதால் கூட வருகிறான். மூன்றாமவன் மழைக்கு ஒதுங்க வந்தவன், அப்படியே தங்கிவிட்டான்.

உண்மையில் என் நாள் இப்படித்தான் போகிறது. ஐந்தரைக்கு எழுகிறேன். வேதத்தைத் திறந்து உட்கார்ந்தால் பாதி நாள் தூக்கம்தான். காலையில் நான்கு மணி நேரம் மொழி வகுப்பு. ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள் தருகிற மொழி இது. அடுத்த வீட்டுப் பாட்டியிடம் 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று சொல்வதாக நினைத்து, இரண்டு மாதமாக 'உங்களைக் கண்டு பயப்படுகிறேன்' என்று சொல்லி வந்திருக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் என் முதுகைத் தட்டிக் கொடுத்ததன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

பிற்பகலில் குடியிருப்பு அனுமதிக்காக வரிசையில் நிற்பது, துணி துவைப்பது. மாலையில் அந்த மூன்று பேர். இரவில் என்னோடு தங்கியிருக்கும் சகோதரியுடன் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற போராட்டம். அவள் வேறு நாட்டவள். எங்களுக்குப் பொதுவாக இருக்கும் ஒரே மொழியும் இருவருக்குமே அரைகுறை. சண்டை போடக்கூடச் சொல் போதவில்லை.

இதையெல்லாம் எழுதினால் 'இதற்காகவா பணம் அனுப்புகிறோம்' என்பார்கள். எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், நீங்கள் எப்படி எழுதினீர்கள்?


காணிக்கைப்பெட்டி

மகளே, நான் மறுகரையில் இருப்பவன். ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் நான்கு மிஷனரிகளுக்கு அனுப்புகிறேன். பெரிய தொகை ஒன்றும் இல்லை. நால்வருடைய கடிதங்களும் வருகின்றன. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. 'வல்லமையாய் நடந்தது', 'வாசல்கள் திறந்தன'. இருபது ஆண்டுகளாக வாசித்த கடிதங்களில் திறந்த வாசல்களை எல்லாம் சேர்த்தால் ஓர் ஊரையே கட்டிவிடலாம். ஆனால் ஒருவர்கூடப் பல்வலி என்று எழுதியதில்லை. பிறகு நான் எதற்காக ஜெபிப்பது?

சன்னல் விவகாரத்தில் ஜெயித்தது யார்?


திரும்பி வந்தவன்

இரண்டு ஆண்டுக்கென்று போய் ஏழாம் மாதம் திரும்பியவன் நான். நானும் உங்களைப் போலத்தான் எழுதினேன், இன்னும் கொஞ்சம் அழகாகவே. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், மொழி வகுப்புக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடைபாதையில் உட்கார்ந்து அழுத வாரத்தில்தான் என் மிகச் சிறந்த கடிதத்தை எழுதினேன். சபையில் அதை வாசித்துக் கைதட்டினார்களாம். அடுத்த மாதம் நான் நேரில் போய் நின்றபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: 'போன கடிதத்தில் எல்லாம் நன்றாக இருந்ததே?'

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் கொடுத்த தகவலை வைத்துத்தான் கேட்டார்கள்.

பவுலோடு ஊழியத்துக்குப் போன மாற்கு பம்பிலியாவில் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டார் என்று வேதத்தில் அப்போஸ்தலர் 13-ல் ஒரே வரியில் வருகிறது. ஏன் திரும்பினார் என்று எழுதப்படவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளி, அவரை மறுபடியும் அழைத்துப் போவதா என்ற கேள்வியில் பவுலும் பர்னபாவுமே கடுமையாகப் பிணங்கிப் பிரிகிறார்கள். பல காலம் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பயன்படுவான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். முதல் இரண்டு இடங்களை என்னிடம் எடுத்துச் சொல்லப் பலர் இருந்தார்கள். மூன்றாவதை நானாகத் தேடிப் படிக்க ஆறு ஆண்டு ஆனது.


சுவடி

நல்ல இழை. இந்தச் சிக்கல் புதியதல்ல என்று சொல்லவே வந்தேன்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ உங்கள் வயதுதான். பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். இரண்டே ஆண்டில் அங்கிருந்த டேனியக் கோட்டைத் தலைவர் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். அதாவது, அவரைச் சிறையில் அடைத்தவர்கள் ஐரோப்பியர்கள்தான். அவரும் உடன் இருந்தவர்களும் எழுதிய கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் தொடராக அச்சிட்டார்கள். அச்சுக்குப் போகும் முன் வெட்டும் திருத்தமும் நடந்தன. காணிக்கை கொடுப்பவர்களின் கண்ணுக்கு எது படலாம், எது படக் கூடாது என்ற கவலை அப்போதே இருந்தது. இந்த நாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் விரிவாக எழுதி 1713-ல் முடித்த நூலை ஹாலேயில் அச்சேற்றவே இல்லை. அது 1867-ல்தான் வெளிவந்தது. 154 ஆண்டு அலமாரியில் தூங்கியது.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல். 25 வயதில் ஜப்பானுக்குப் போய், உடல்நலம் கெட்டு, பதினைந்து மாதத்தில் அங்கிருந்து கிளம்பியவர் (திரும்பி வந்தவன், கவனிக்கவும்). பிறகு 1895-ல் இந்தியா வந்தவர் 1951-ல் இறக்கும் வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் உண்மையில் எப்படி இருக்கிறது, எத்தனை கதவுகள் மூடியே இருக்கின்றன என்று அவர் எழுதி அனுப்பிய கையெழுத்துப் படி, மனத்தைத் தளரச் செய்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டது. நண்பர்கள் முயன்றதால் 1903-ல் அது புத்தகமாக வந்தது, பரவலாக வாசிக்கப்பட்டது. அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை அதில் நிறையவே உண்டு. ஆனால் திருப்பி வந்த கையெழுத்துப் படியை இனிப்புத் தடவி மறுபடி அனுப்பவில்லை என்பதற்காக அவரை மதிக்கிறேன்.

மூன்று பேர் என்றால் மூன்று என்று எழுதுங்கள். அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். பர்மியரில் முதலாமவர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். ஆறு ஆண்டுக் கடிதங்களில் அவரால் எழுத முடிந்த எண்ணிக்கை பூஜ்யம்.


அறிவன்

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மதம் மாற்றுவதற்காக ஒருவர் கடல் கடந்து போவது எனக்கு உவப்பானதும் இல்லை. அதைத் தனியாக விவாதிக்கலாம். இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

நீங்கள் எல்லோரும் கடிதம் எழுதுகிறவருக்கு நேர்மையாக இருக்கிறதா, பணம் கொடுக்கிறவருக்கு நேர்மையாக இருக்கிறதா என்றே பேசுகிறீர்கள். அந்த மூன்று பிள்ளைகள்? கடிதத்தோடு படம் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் அவர்களுடைய பெற்றோரைக் கேட்டீர்களா? உங்கள் வீட்டுப் பிள்ளையின் படத்தை யாரோ ஒருவர் எடுத்து, அறிமுகமே இல்லாத நூறு பேருக்கு 'இவர்களுக்காகப் பரிதாபப்படுங்கள்' என்று அனுப்பினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?


காணிக்கைப்பெட்டி

தம்பி அறிவன், பரிதாபம் என்று அந்தப் பிள்ளை எங்கே சொன்னது? ஊழியத்தின் அருமை தெரியாதவர்கள் வந்து


நெறியாளர்

ஐயா, உங்கள் பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன். கேள்விக்குப் பதில் சொல்லலாம், கேட்டவரைப் பற்றி வேண்டாம்.


புதுநாற்று

படம் அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அதோடு, படத்தில் அந்தத் தம்பி அழுதுகொண்டிருப்பான். பென்சிலை அக்கா பிடுங்கிக்கொண்டாள் என்று அழுதான். படத்தின் கீழே நான் அதை எழுதவில்லை. வாசிக்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அறிவன் அண்ணா கேட்ட பிறகுதான் அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன்.


மூத்தவள்

நான் துறவற சபை ஒன்றைச் சேர்ந்த அருட்சகோதரி. பதினொரு ஆண்டு வேறொரு கண்டத்தில் மருத்துவமனைப் பணியில் இருந்தேன். தங்கையே, கடிதத்துக்கு முன்னால் வேறு சில செய்திகள்.

எங்களைப் பயிற்சியில் வைத்திருந்தபோது கலாச்சார அதிர்ச்சி என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1954-ல் ஆற்றிய ஓர் உரையால் பரவிய சொல் அது. அவர் அடையாளங்களாகச் சொன்னவற்றில் ஓயாமல் கை கழுவுவது ஒன்று. குடிதண்ணீரைப் பற்றி ஓயாத கவலை, சின்னத் தாமதத்துக்குப் பெருங்கோபம், எங்கோ வெறித்த பார்வை ஆகியவையும் உண்டு. வகுப்பில் சிரித்தோம். அங்கே போன நான்காம் மாதம் என் கைத்தோல் உரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவுகிறேன் என்று உடன் இருந்த சகோதரி எண்ணிச் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. ஆகவே உன் சன்னல் தோழியை விரட்டிவிடாதே. உன்னில் உனக்குத் தெரியாததைப் பார்க்க அங்கே வேறு ஆள் கிடையாது. இருவர் இருவராக அனுப்பினார் என்று நற்செய்தியில் வருகிறதே, அதற்குப் பெரிய விளக்கமெல்லாம் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். சன்னலைப் பாதி திறந்து வைப்பது தீர்வல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். இருவருக்குமே தூக்கம் கெடும். கட்டில்களை இடம் மாற்றிப் போடுங்கள்.

மொழி. தூய சவேரியார் முத்துக்குளித்துறையில் ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று வந்திருந்தது. ஊர் ஊராக மக்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். பிழை தெரிந்ததும் 1544-ல், கூட உழைத்த மன்சிலாசுக்குக் கடிதம் எழுதி அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார். புனிதருக்கே அப்படி என்றால், நீ பாட்டியிடம் பயப்படுவதாகச் சொன்னது ஒன்றும் குடி முழுகிப்போகிற பிழை இல்லை. அதோடு அது முழுப் பொய்யும் இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு எத்தனை முறை பேசுகிறாய்?


புதுநாற்று

அக்கா, தினமும் அம்மாவிடம் பேசுகிறேன். சில நாள் இரண்டு முறை. பாட்டியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கட்டில்களை மாற்றிவிட்டோம். இப்போது நிலைக்கண்ணாடி யார் பக்கம் என்று பேச்சு நடக்கிறது.


மூத்தவள்

தினமும் என்பது அதிகம், தங்கையே. இதில் எனக்கும் தெளிவான விதி கிடையாது. பிற்காலப் புனிதர் சபை (மார்மன்) இளைஞர்கள் ஊழியத்துக்குப் போனால் ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான், வீட்டோடு பேசலாம் என்று பல காலம் விதி இருந்தது. 2019 பிப்ரவரியில் அதை வாரம் ஒருமுறை என்று தளர்த்தினார்கள். பழைய விதி கொடுமை என்பேன். ஆனால் உன் நாளில் நடக்கிற எல்லாவற்றையும் இரவு எட்டு மணிக்கு அம்மாவிடம் இறக்கி வைத்துவிட்டால், அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட உனக்குக் காரணமே இருக்காது. நான் அந்த ஊர் மொழியைக் கற்றது வகுப்பில் இல்லை. பேச ஆள் இல்லாமல் சமையற்கட்டில் போய் நின்றதால் கற்றேன்.


புதுநாற்று

கடிதத்தின் வரைவு இது. தயங்காமல் சொல்லுங்கள்.

"அன்பானவர்களே, போன கடிதத்தில் அநேகர் என்று எழுதினேன். அவர்கள் மூன்று பேர். மன்னியுங்கள். படத்தில் அழுத பையன் பென்சிலுக்காக அழுதான். அந்தப் படத்தை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பெற்றோரிடம் நான் அனுமதி வாங்கவில்லை. மொழி இன்னும் வரவில்லை. காலை ஜெபத்தில் தூங்கிவிடுகிறேன். என்னோடு இருக்கும் சகோதரி பிடிவாதக்காரி, தன் பொருள்களை எங்கும் இறைத்து வைப்பவள், அவளோடு வாழப் பொறுமை வேண்டும் என்று ஜெபியுங்கள். அடுத்த வீட்டில் 77 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் தொலைவில். யாரும் வருவதில்லை. நான் போகும்போது கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். எனக்கு இங்கே இருக்கும் ஒரே தோழி அவர்தான்."


திரும்பி வந்தவன்

முதல் பாதி எனக்குத் தொண்டையை அடைத்தது. நான் அப்படி எழுதியிருக்க வேண்டும். ஆனால் சகோதரியைப் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். அவளும் யாருக்கோ ஜெபக் கடிதம் எழுதுகிறாள் என்பதை மறக்காதீர்கள்.


சுவடி

வழிமொழிகிறேன். தன் குறையைச் சொல்வது நேர்மை. பக்கத்துக் கட்டில்காரியின் குறையைச் சொல்வது கோள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடக்கும் கோள் நம் சபைகளில் கொஞ்சநஞ்சமா!


அறிவன்

பிள்ளைகள் பகுதிக்கு நன்றி. இவ்வளவு நேரடியாக ஏற்றுக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாட்டி பகுதி மட்டும் உறுத்துகிறது. 'யாரும் வருவதில்லை' என்பதை அவர் முன்னால் வாசித்துக் காட்டுவீர்களா?


காணிக்கைப்பெட்டி

அறிவன் தம்பி, அன்று அவசரப்பட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அலமாரி நிறையப் படங்கள் இருக்கின்றன. இருபது ஆண்டுப் படங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. நேற்று அவற்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


புதுநாற்று

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

என்னை அனுப்பிய அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் வரைவை முதலில் காட்ட வேண்டும். சகோதரி பற்றிய வரி ஏற்கெனவே போய்விட்டது. தூங்கிவிடுகிறேன் என்பதை 'ஜெபவாழ்வில் வளர வாஞ்சிக்கிறேன்' என்று மாற்றச் சொன்னார். அரை நாள் யோசித்துவிட்டு, மாற்ற மாட்டேன் என்று எழுதினேன். வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுவே முதல் முறை, கை நடுங்கியது. அவர் சரி என்றுவிட்டார். இவ்வளவு எளிதாகச் சரி என்பார் என்று தெரிந்திருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பேன்.

தாங்குகிறவர்களில் ஒரு குடும்பம் காணிக்கையை நிறுத்திவிட்டது. காரணம் சொல்லவில்லை. இந்தக் கடிதமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பட்ஜெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, மொழி வகுப்பை நான்கு மணியிலிருந்து மூன்றாகக் குறைத்திருக்கிறேன். இன்னொருவர், அதுவரை ஒரு வரிகூட எழுதாதவர், இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மனைவி இறந்த பின் தானும் காலை ஜெபத்தில் உட்கார்ந்து எதுவும் தோன்றாமல் எழுந்துவிடுவதாக. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது பாட்டி. அறிவன் அண்ணா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அனுப்புவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குக் கடிதத்தோடு போனேன். என் மொழியில் எழுதியதை அவர் மொழியில் சொல்ல ஒரு மணி நேரம் பிடித்தது. வகுப்பில் கற்காத சொற்களுக்கு அகராதி. சில இடங்களில் கையால் காட்டினேன். பென்சில் கதைக்குச் சிரித்தார். 'யாரும் வருவதில்லை' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார். சொல், சொல் என்றார். சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, செவ்வாய்க்கிழமை தோறும் தபால்காரர் வந்து கால்மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார், அவரை ஏன் சேர்க்கவில்லை என்றார். அதை எழுதிச் சேர்த்தேன். கதவைத் திறந்து வைப்பது எனக்காக இல்லையாம், புகை வெளியே போவதற்காகவாம். அதையும் மாற்றினேன். தோழி என்ற வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை வாசி என்று மட்டும் சொன்னார்.

எழுந்து வரும்போது திரும்பவும் கூப்பிட்டார். ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று பயந்துபோனேன். 77 இல்லையாம், 74. அதில்தான் உண்மையாகவே கோபம். விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஆனால் அதற்குள் அந்தப் பக்கத்தை என்னோடு தங்கியிருக்கும் தோழி அனுப்புவதற்குத் தயாராகக் கணினியில் ஏற்றிவிட்டிருந்தாள். திருத்த மறந்து 77 என்றே போய்விட்டது. நேற்று, அனுப்பினாயா, வயதைச் சரி செய்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்று கதவு சாத்தியிருக்கிறது. இன்று அவர் வீட்டில் புகை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் திருத்தக் கடிதம் இன்றே அனுப்புகிறேன். ஒரே வரிதான்.


காணிக்கைப்பெட்டி

மகளே, என் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு பெயரைச் சேர்க்க இடம் இருக்கிறது. விவரத்தைத் தனிமடலில் அனுப்பு. வகுப்பு மறுபடி நான்கு மணி நேரம் ஆகிறதா பார்க்கலாம். அந்தத் திருத்தக் கடிதத்தை எனக்கும் அனுப்பு. அலமாரியில் இருக்கும் படங்களோடு வைக்க மாட்டேன், மேசைமேல் வைத்துக்கொள்வேன்.


புதுநாற்று

அனுப்பிவிட்டேன், ஐயா. கடிதத்தின் நகலில் 74 என்ற எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பாட்டி வீட்டுக் கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நானும் என் தோழியும்.